லைனில் கேட்ட மூச்சு

அக்காவைப் பற்றி அவரிடமே ஏதாவது கேட்டால் பதில் வராது. "லைன் வருது பாரு" என்பார். திரும்பிப் பார்த்தால் டெலிபோன் போர்டில் ஒரு லைனும் வந்திருக்காது. அதற்குள் அவர் ஹெட்செட்டைக் காதில் சரிசெய்து, கார்டு வயர்களை ஒழுங்காக அடுக்கி, நாம் அப்படி ஒரு கேள்வியே கேட்கவில்லை என்பதுபோல ஆக்கியிருப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தோம். அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எங்களிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் மெட்ராஸையோ வேலூரையோ பிடித்து, இரண்டு பக்கத்தையும் கார்டு வயரால் சேர்த்து, "பேசுங்க" என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்வோம். ஊரில் போன் வைத்திருந்த அத்தனை பேருக்கும் அக்காவின் குரல் தெரியும். கணீரென்று, ஒரு எழுத்துகூட மழுங்காமல் வந்து விழும் குரல். முகம் தெரிந்தவர்கள் கம்மி. தேரடிப் பக்கம் மளிகைக் கடையில் அவருக்குப் பக்கத்தில் நின்று புளி வாங்குகிறவருக்கு, காலையில் தனக்கு மெட்ராஸைப் பிடித்துக் கொடுத்தவர் இவர்தான் என்று தெரியாது. தெரிய வழியுமில்லை. கடையில் அவர் பேசமாட்டார். வேண்டியதைக் கையால் காட்டுவார்.

பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அதனால் அக்கா என்றே சொல்கிறேன்.

அவர் சமணக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது எனக்கு அவருடைய சாப்பாட்டு நேரத்தை வைத்துத்தான் தெரிந்தது. மாலை ஷிஃப்டில் வெயில் சாய்வதற்குள் டப்பாவைத் திறந்து அவசரமாகச் சாப்பிட்டு முடிப்பார். வேலை நெரிசலில் பொழுது போய்விட்டால் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவார். பசிக்கிறது என்று சொல்லி ஒரு பத்து நிமிஷம் போர்டை எங்களிடம் விட்டுப் போகலாம். சொல்லமாட்டார். வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம் அவருடையது என்றும், கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷன் வீட்டைவிட்டு வந்துவிட்டவர் என்றும் வேறு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன். ஏன் வந்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஒருநாள் அவருடைய அண்ணன் என்று ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எக்ஸ்சேஞ்ச் வாசலில் வந்து நின்றார். அக்கா கீழே இறங்கிப்போய் வேப்பமரத்தடியில் நின்று பேசிவிட்டு வந்தார். பேசியது அண்ணன்தான். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். மேலே வந்ததும், "இன்னாக்கா ஆச்சு?" என்று கேட்டேன்.

"லைன் வருது பாரு" என்றார். அன்றைக்கு மட்டும் நிஜமாகவே வந்தது.

நன்றி சொல்லக்கூட ஒருவரைப் பக்கத்தில் விடமாட்டார். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று அவள் நாட்டுக்கு டிரங்க் கால் பதிவு செய்திருந்தாள். பம்பாய் வழியாகப் போகவேண்டிய கால். கிடைக்கவே இல்லை. அக்கா தன் ஷிஃப்ட் முடிந்தும் எழுந்து போகாமல் பம்பாயை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் மத்தியானம் கிடைத்தது. "ஸ்பீக் ஆன்" என்று சொன்னதும் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார், அவள் அழுவது தன் காதில் விழக்கூடாது என்று. பேசி முடித்துவிட்டு அந்தப் பெண் கையில் ஒரு கொத்து சாமந்தியோடு படியேறி வந்தபோது அக்கா நாற்காலியில் இல்லை. பின்பக்கம் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பூவை நான்தான் வாங்கி வைத்தேன்.

கார்த்திகை தீபத்தன்று எங்கள் எல்லோர் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வந்து நிறைந்துவிடுவார்கள். அன்றைய மாலை டியூட்டியை அக்கா கேட்டு வாங்கிக்கொள்வார். ஒரு வருஷம் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"எல்லாரும் போயிட்டா போர்ட யாரு பாக்கறது? நல்லபடியா வந்து சேந்துட்டோம்னு வீட்டுக்குச் சொல்ல எத்தினி பேர் நிக்கறாங்க பாரு" என்றார்.

மலையில் தீபம் ஏறி, ஊரே ஒரு குரலாக எழுந்து அடங்கியதும், நான் ஒரு கிண்ணத்தில் பொரி உருண்டை எடுத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். மலை தெரியும் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு கார்டைச் சொருகி, "பேசுங்க, வீட்ல எடுத்துட்டாங்க" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்தபின் அவர் சாப்பிடமாட்டார் என்பது கிண்ணத்தை நீட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. "காலையில சாப்பிட்டுக்கறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அது எனக்காக வரவழைத்த சிரிப்பு.

அதற்கடுத்த வருஷத்துக் கோடையில் அவர் இளைக்கத் தொடங்கினார். ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும்போல. சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொள்வார். போர்டில் முழங்கைகளை ஊன்றி முன்பக்கம் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார். வேலையில் என்ன கவனம் பாருங்கள் என்று சூப்பர்வைசர் எங்களிடம் அவரைக் காட்டி மெச்சினார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவர் அவரைப் பார்த்தே இராத ஒருவர். கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர். தினமும் காலையில் மெட்ராஸிலும் பண்ருட்டியிலும் விலை விசாரிக்க எங்கள் வழியாகத்தான் பேசுவார். அவருடைய போன் நம்பர் நாற்பத்தேழு. எங்களுக்குள் அவரை நாற்பத்தேழு என்றே சொல்லுவோம். பேச்சில் மரியாதை ஜாஸ்தி. லைன் கிடைக்காவிட்டாலும் எரிந்துவிழமாட்டார். ஒருநாள் அக்கா விடுப்பில் இருந்தபோது அவருடைய லைனை நான் எடுத்தேன்.

"ஏம்மா, காலையில எப்பவும் எடுப்பாங்களே, அந்தம்மாவுக்கு உடம்புக்கு இன்னா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்களே. ஏன் கேக்கறீங்க?"

"முன்னல்லாம் 'கீழ்பென்னாத்தூர், மெட்ராஸ் கெடச்சிருக்கு, பேசுங்க'ன்னு ஒரே மூச்சுல சொல்வாங்க. இப்ப நடுவுல நடுவுல நிக்கறாங்க. 'மெட்ராஸ்'னு சொல்லிட்டு மூச்சு எடுக்கறாங்க. தப்பா நெனச்சுக்காதம்மா. எங்க வீட்டுல அவளுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. போய்ச் சேந்துட்டா. நான் கடையிலயே கெடந்தேன், கவனிக்கல."

மறுநாள் அக்கா வந்ததும் நான் முதல் தடவையாக அவரை உற்றுப் பார்த்தேன். கழுத்து நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் குழியாக இருந்தது. கேட்டேன். லைன் வருது பாரு என்றார். நான் விடவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் அவர் பின்னாலேயே அவருடைய அறைக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை. பாய் சுருட்டினபடியே மூலையில் தூசி படிந்து நின்றது. மேசையின் மேல் ஒரு தலையணை கிடந்தது.

"எங்கக்கா படுக்கறீங்க?"

"படுத்தா மூச்சு முட்டுது. உக்காந்து மேசைமேல சாஞ்சுக்கிட்டா சரியாயிடுது. அப்ப உக்காந்துக்க வேண்டியதுதானே."

மருந்துக் கடையில் ஆஸ்துமா மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, அடுத்த வாரம் என்றார்.

அடுத்த வாரம் வரை உடம்பு காத்திருக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் காலை நெரிசலில், "கீழ்பென்னாத்தூர்… மெட்ராஸ்…" என்று சொல்லிக்கொண்டே போர்டின் மேல் அப்படியே சரிந்தார். ஹெட்செட் காதிலிருந்து கழன்று தொங்கியது. அதற்குள்ளிருந்து "அம்மா, அம்மா" என்று ஒரு ஆண் குரல் சன்னமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

நானும் சூப்பர்வைசரும் ரிக்‌ஷாவில் உட்காரவைத்துக் கூட்டிப்போனோம். டாக்டர் நெஞ்சில் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். இடத்தை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். "இருதயச் சத்தம் எங்கியோ தூரத்துல கேக்குது" என்றார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுக்கச் சொன்னார். இழுக்கும்போதெல்லாம் நாடி அவர் விரலுக்கடியில் மங்கிப்போனதாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது இருதயம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பானையைக் கவிழ்த்துவைத்ததுபோல வெள்ளையாக இருந்தது.

"இருதயமே வீங்கியிருக்கலாம். இல்ல, இருதயத்துக்கும் அதச் சுத்தியிருக்குற உறைக்கும் நடுவுல தண்ணி கட்டியிருக்கலாம். எனக்கு ரெண்டாவதுதான்னு தோணுது. ஆனா இந்தப் படத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஊசி போட்டு எடுக்கறதுக்கு முன்னாடி நிச்சயமாத் தெரியணும். வேலூர்ல எக்கோன்னு ஒரு மிஷின் வந்திருக்குது. நெஞ்சுக்குள்ள சத்தத்த அனுப்பி, பட்டுத் திரும்பி வர்றத வெச்சுப் படமாக் காட்டும். இன்னிக்கே போகணும்."

"நாளைக்கு டியூட்டி இருக்குது டாக்டர்" என்றார் அக்கா.

"இன்னிக்குப் போனாத்தான் நாளைக்கு" என்றார் டாக்டர்.

வெளியே வந்தபோது வாசலில் ஒரு பழைய அம்பாசிடர் நின்றது. வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, நரைத்த மீசை. அந்த ஆளை நான் பார்த்ததில்லை. "எக்ஸ்சேஞ்சுல கேட்டுகிட்டு வந்தேன். ஏறுங்க" என்று என்னிடம் மட்டும் மெல்லச் சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்துவிட்டார். அக்கா கேள்வி கேட்கிற நிலையில் இல்லை.

போளூர் தாண்டும்வரை யாரும் பேசவில்லை. அக்கா முன்சீட்டின் முதுகில் இரண்டு கைகளையும் வைத்து, அதன்மேல் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தார். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது, "பாத்துப் போறேம்மா, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார் வண்டியை ஓட்டியவர்.

அக்கா தலையைத் தூக்கினார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார்.

"நாப்பத்தேழா?"

"ஆமாங்கம்மா. நாப்பத்தேழுதான்."

அக்கா சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்து மூடிக்கொண்டு மறுபடியும் குனிந்துகொண்டார். வேலூர் வரும்வரை நிமிரவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்கோ எடுக்கிற அறையில் சன்னல்களுக்குக் கறுப்புத் திரை போட்டிருந்தார்கள். துணைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். டாக்டர் ஒரு பெண். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். அக்காவைப் படுக்கவைக்க முடியாததால் முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்தார். நெஞ்சில் ஜில்லென்று பசைபோல எதையோ தடவி, அதன்மேல் ஒரு சின்னக் கருவியை வைத்து அழுத்தினார்.

"சத்தம் வரும்னாங்களே" என்றார் அக்கா.

"வருது. நம்ம காதுக்குக் கேக்காது."

திரையில் விசிறி விரித்ததுபோல ஒரு வெளிச்சம். அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒன்று துடித்தது. துடித்தது என்பதைவிட ஆடியது என்று சொல்லவேண்டும். அதைச் சுற்றிலும் கன்னங்கரேலென்று அகலமான ஒரு பட்டை.

"இது இருதயம். சுத்திக் கறுப்பாத் தெரியுது பாருங்க, அதான் தண்ணி. தண்ணிக்குள்ள இருதயம் ஊசலாடுது. அதான் உங்க டாக்டருக்குச் சத்தம் சரியாக் கேக்கல. இருதயத்தோட இந்தப் பக்கத்து அறையப் பாருங்க, ரத்தம் வந்து நெறையறதுக்குள்ள வெளியிலயிருந்து தண்ணி அமுக்கி உள்ள தள்ளுது. எங்கயும் போகாம வீட்டுலயே இருந்திருந்தா இன்னும் ரொம்ப நாள் தாங்கியிருக்காது."

"எப்பலேர்ந்து இருக்கும்?" என்று கேட்டார் அக்கா. யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றி விசாரிக்கிற குரல்.

"மாசக் கணக்கா மெதுவாச் சேந்திருக்கணும். வேகமாச் சேந்திருந்தா கொஞ்சத் தண்ணியே ஆளச் சாய்ச்சிருக்கும். மெதுவாச் சேந்ததால உறை விரிஞ்சு விரிஞ்சு எடம் குடுத்திருக்குது. இனிமே விரியாது." டாக்டர் கருவியை எடுக்காமலே அவர் பக்கம் திரும்பினார். "இத்தன நாள் எப்படிம்மா யார்கிட்டயும் சொல்லாம இருந்தீங்க?"

அந்த அறையில் போர்டு இல்லை. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடனே ஊசி வழியாத் தண்ணிய எடுக்கணும். உங்க பக்கத்துல யார்கிட்ட சொல்லணும்? யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல. நீங்க செய்யுங்க."

நான் அவருடைய செருப்பையும் பையையும் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் என்னை ஒதுக்கிச் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் பதில் வரும். இருந்தாலும் கொஞ்சநேரம் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மரத்துப்போக மருந்து போட்டு, மார்பெலும்புக்குக் கீழே நீள ஊசியை ஏற்றினார்கள். டாக்டர் திரையைப் பார்த்துப் பார்த்து வழி சொன்னார். பாட்டிலில் கருஞ்சிவப்பாக இறங்கிக்கொண்டே இருந்தது. கறுப்புப் பட்டை ஒடுங்க ஒடுங்க, ஆடிக்கொண்டிருந்த இருதயம் நின்ற இடத்தில் நின்று அடிக்கத் தொடங்கியது. அக்கா ஒரு முழு மூச்சை உள்ளே இழுத்தார். அவர் அப்படி மூச்சு விட்டு நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தலையணைகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். மல்லாந்து படுத்து, உடனே தூங்கிப்போனார்.

வராந்தா பெஞ்சில் நாற்பத்தேழு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். உள்ளே வந்து பார்க்கிறீர்களா என்றேன்.

"வேணாம்மா. தூங்கட்டும். முழிச்சா சங்கடப்படுவாங்க. நான் கெளம்பறேன், கடையில ஆளில்ல."

எடுத்த தண்ணீரைச் சோதித்துப் பார்த்து டி.பி. என்றார்கள். நுரையீரலை விட்டுவிட்டு இருதயத்தின் உறையில் வந்து உட்கார்ந்திருந்தது. நீண்டநாள் மருந்து, விடாமல் சாப்பிட்டால் குணமாகும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ராத்திரி மாத்திரையை அவர் தொடவில்லை. அந்தப் பெண் டாக்டர் சண்டை போடாமல், எல்லாவற்றையும் வெளிச்சத்திலேயே விழுங்கும்படி நேரத்தை மாற்றிக்கொடுத்தார்.

அக்கா வேலைக்குத் திரும்பினார். குரல் பழையபடி ஆனது. எங்களுக்கெல்லாம் மனசுக்குள் ஒரு ஆசை முளைத்திருந்தது. அவருக்கும் யாருமில்லை, மண்டிக்காரருக்கும் யாருமில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காலையில் நாற்பத்தேழின் லைன் வரும்போது நாங்கள் சும்மா வேறு பக்கம் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அக்கா என்னிடம், "இனிமே நாப்பத்தேழ நீ எடுத்துக்க" என்றார்.

"ஏன்க்கா? ஏதாச்சும் பேசினாரா?"

"ஒண்ணும் பேசல. விலை கேக்கறாரு, வெச்சிடறாரு." கார்டு ஒன்றை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். "என் பேச்சக் கேக்கல அவரு. மூச்சக் கேக்கறாரு. எனக்குப் பேச வாய் வரமாட்டேங்குது."

"நல்லதுக்குத்தானேக்கா கேக்கறாரு."

"நல்லதுக்குத்தான்" என்றார். "தெரியாமயா சொல்றேன்?"

அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்னது அவ்வளவுதான். அன்றிலிருந்து நாற்பத்தேழை நான் எடுத்தேன். முதல் நாள் என் குரலைக் கேட்டும் அவர் ஏன் என்று கேட்கவில்லை. "மெட்ராஸ் குடும்மா" என்றார்.

மருந்தெல்லாம் முடிந்தபின் மறுபடியும் எக்கோ எடுக்க அக்காவோடு வேலூருக்குப் பஸ்ஸில் போனேன். இந்தத் தடவை மட்டமாகப் படுத்துக்கொண்டார். கறுப்புப் பட்டை போன இடம் தெரியவில்லை. சாம்பல் நிற இருதயம் திரையை நிறைத்துக்கொண்டு நிதானமாக அடித்தது. "சுத்தமா இருக்குது. இனிமே வரவேணாம்" என்று டாக்டர் கருவியை எடுக்கப் போனார்.

"இன்னும் கொஞ்சநேரம் வெக்கறீங்களா?" என்று கேட்டார் அக்கா. தனக்கென்று அவர் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் மறுபடியும் வைத்தார். அக்கா தலையைத் திருப்பி, அது அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச மாதங்களில் திண்டிவனம் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். நாங்கள் வழியனுப்ப ஏற்பாடு செய்வதற்குள், ஒரு திங்கட்கிழமை நாற்காலி காலியாக இருந்தது. ஆர்டர் வந்த விஷயமே சூப்பர்வைசர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அறையைப் போய்ப் பார்த்தேன். பூட்டியிருந்தது.

அக்கா திண்டிவனம் போய்விட்டதை நாற்பத்தேழிடம் நானே சொன்னேன். அதன்பின் பல நாள் அவர் அக்காவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் மெட்ராஸ் பேசி முடித்தபின் லைனை வைக்காமல் இருந்தார்.

"இன்னொரு கால் வேணுங்களா?" என்றேன்.

"திண்டிவனம் குடுக்கறியாம்மா?"

"நம்பர் சொல்லுங்க."

"நம்பர் இல்லம்மா. ஆபரேட்டர் எடுப்பாங்க இல்ல? அத்தோட போதும்."

விதிப்படி அது தப்பு. நான் திண்டிவனத்தைக் கூப்பிட்டு, நாற்பத்தேழின் லைனையும் அதோடு சேர்த்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் குரல் அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

"திண்டிவனம். சொல்லுங்க திருவண்ணாமலை, எந்த நம்பர் வேணும்?" என்று அக்காவின் குரல் எங்கும் நிற்காமல் வந்தது.

நாங்கள் இருவரும் பேசவில்லை. லைனில் மழை இரைச்சல் மட்டும் இருந்தது.

"திருவண்ணாமலை, கேக்குதா? நம்பர் சொல்லுங்க."

அக்கா கார்டை உருவிவிடுவார் என்று நினைத்தேன். உருவவில்லை. லைனின் இந்தப் பக்கம் யார் இருப்பதாக நினைத்தாரோ, வெகுநேரம் அவரும் பேசாமல் இருந்தார். பிறகு, வேலைக்கு வைத்திருந்த குரலை விட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நான் நல்லா இருக்கேன்."

லைன் போய்விட்டது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் இன்னும் திறந்தே இருந்தது.

"உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?" என்றேன்.

"கேட்டுச்சும்மா" என்றார். போனை வைத்தார்.